ஆமாஞ்சேரிக்காரர்கள் பிள்ளைகளை அழைத்துவரப் போன கதை

ஆமாஞ்சேரி என்ற ஊரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்திருந்தால் இந்நேரம் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பீர்கள், எனக்கும் எழுதுகிற வேலை மிச்சமாகியிருக்கும். நான் அந்த ஊரில் பெண் எடுத்தவன். ஆகையால் ஊரைப் பற்றிக் குறைவாக ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன். எனக்கு வீட்டில் சாப்பாடு கிடைக்க வேண்டும்.

அந்த ஊர்க்காரர்கள் சொன்னதை அப்படியே செய்கிறவர்கள். ரேஷன் கடை வாசலில் ‘இங்கே வரிசையில் நிற்கவும்’ என்று பலகை வைத்தார்கள். அன்றிலிருந்து கடை மூடியிருக்கும் நாளிலும் நாலு பேர் வந்து, கொஞ்ச நேரம் வரிசையில் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். கேட்டால், “பலகையை எடுக்கலையே” என்பார்கள்.

ஊர்த் தொடக்கப் பள்ளி ஏரிக்கரைக்குக் கீழே பள்ளத்தில் இருந்தது. ஏரி நிறைந்தால் முதலில் நனைவது பள்ளிக்கூடத்துப் படிக்கட்டுதான். புதிதாக வந்த தலைமை ஆசிரியை ஞானசௌந்தரி டீச்சர் வந்த அன்றே இதைக் கவனித்துவிட்டார். மழைக்காலம் தொடங்குமுன் பெற்றோர்களைக் கூட்டி வைத்துப் பேசினார். ஊரில் மைக் செட் வாடகைக்கு விடும் மாசிலாமணி, தன் மகள் பொற்கொடி படிக்கிற பள்ளி என்பதால் வாடகை வாங்காமல் ஒலிபெருக்கி கட்டிக் கொடுத்தான்.

“ஏரி நிரம்பி ஆபத்துன்னா நான் மணியை விடாம அடிப்பேன்” என்றார் டீச்சர். “அடிச்சதும் பிள்ளைங்களை நாங்களே மேட்டுத் தெரு கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுவோம். நீங்க நேரா அங்க வந்து அவங்கவங்க பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க. யாரும் பதறக் கூடாது. ஓடி வரக் கூடாது. போனை எப்பவும் சார்ஜ் போட்டு வைங்க.”

“ஆமாம்” என்றது கூட்டம்.

“முக்கியமா ஒண்ணு. அந்தக் களேபரத்துல பிள்ளை தப்பான ஆள்கூடப் போயிடக் கூடாது. அதனால கூப்பிட வர்றவரும் பிள்ளையும் பேசி ஒரு ரகசியச் சொல் வச்சுக்கங்க. சுலபத்துல யாரும் கண்டுபிடிக்க முடியாத சொல்லா இருக்கட்டும். அது உங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியணும். எழுதி வைக்காதீங்க. அந்தச் சொல்லைச் சொன்னாத்தான் பிள்ளை போகணும். தெரிஞ்ச முகமா இருந்தாலும் சரி, சொல் இல்லாட்டிப் போகக் கூடாது.”

“ஆமாம்” என்றது கூட்டம், இன்னும் பலமாக. டீச்சருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இப்படிப்பட்ட பெற்றோர்கள் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். புதிதாக வந்தவர் அல்லவா.

கூட்டம் முடிந்ததும், பேரனைக் கூப்பிட வேண்டிய ஊர்த் தலைவர் அம்பலவாணன் முக்கியமானவர்களை டீக்கடையில் உட்காரவைத்து ஆலோசனை நடத்தினார்.

“பதறக் கூடாதுன்னு டீச்சர் சொல்லிட்டாங்க. நம்மால முடியுமா?”

“கஷ்டம்தான் தலைவரே” என்றாள் குஞ்சம்மாள். அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள், பதறிப் பழக்கப்பட்டவள். “எனக்கு நெஞ்சுக்குள்ள பதற்றம் எப்பவும் கொஞ்சம் இருந்துக்கிட்டேதான் இருக்கு. மணி அடிச்சா அது வெளிய வந்துடும்.”

அம்பலவாணன் நெற்றியைத் தடவினார். “உள்ள இருந்தாத்தானே வெளிய வரும்? முன்கூட்டியே எடுத்துட்டா?”

அருமையான யோசனை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் முழுவதும் தெருவுக்கு வந்து பதறியது. தலையில் அடித்துக்கொண்டார்கள், ‘ஐயோ’ என்றார்கள், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினார்கள். பக்கத்து ஊரிலிருந்து தயிர் விற்க வந்த ஒருவர் என்ன ஏது என்று தெரியாமல் தானும் சேர்ந்து ஓடி, தயிர்ப்பானையை உடைத்துக்கொண்டார். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் எல்லாருக்கும் பதற்றம் தீர்ந்துவிட்டது. குஞ்சம்மாளுக்கு மட்டும் கொஞ்சம் மீதி இருந்ததால் அவள் சாப்பிட்டுவிட்டு வந்து தொடர்ந்தாள்.

அடுத்தது போன். எப்போதும் சார்ஜ் போட்டு வைக்கச் சொன்னதால் அம்பலவாணன் தன் போனைச் சுவர் பிளக்கில் சார்ஜரோடு செருகிவிட்டார். அதன்பின் அதைக் கையால் தொடவில்லை. அழைப்பு வந்தால் தூர நின்று யார் என்று பார்ப்பார், எடுக்கமாட்டார். “எடுத்துப் பேசினா சார்ஜ் எறங்கிடும்” என்பார். ஒரு வாரத்தில் ஊரே அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஆமாஞ்சேரியில் எல்லாப் போனும் முழுச் சார்ஜில் இருந்தது. ஒருவரிடமும் பேச முடியவில்லை.

மாசிலாமணி மட்டும் இதிலெல்லாம் மனம் வைக்கவில்லை. அவன் கவலை முழுவதும் அந்த ரகசியச் சொல்லின்மேல் இருந்தது. பொற்கொடி அவனுக்கு ரொம்ப நாள் கழித்துப் பிறந்த ஒரே பெண். மூன்றாம் வகுப்பு. அவள் இருமினால் இவனுக்குச் சோறு இறங்காது. மனைவி, தங்கையின் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்தாள். ஆகவே பிள்ளையைப் பத்திரமாகக் கூட்டிவரும் பொறுப்பு அவன் ஒருவன் தலையில் இருந்தது.

மற்றவர்கள் ‘முறுக்கு’, ‘கன்னுக்குட்டி’ என்று சொல் வைத்தார்கள். மாசிலாமணிக்கு அது போதவில்லை. திருடன் ஒருவன் தன் மகள்முன் வந்து நின்று ‘முறுக்கு’ என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? மூன்று நாள் யோசித்து, உலகத்தில் ஒருவனுக்கும் தோன்றாத ஒரு சொல்லைப் பிடித்தான். கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறியைப் போட்டுச் சத்தம் உண்டாக்கி, மகளின் காதில் சொன்னான்.

“யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அம்மாகிட்டக்கூட.”

“சரிப்பா.”

“இந்தச் சொல்லை யாராலயும் கண்டுபிடிக்க முடியாது, கண்ணு” என்று பெருமையாகச் சொன்னான். அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

ஐப்பசி கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பிற்பகல், ஏரித் தண்ணீர், உபரி நீர் போகும் கலங்கலைத் தாண்டி வழிந்து பள்ளிக்கூடத்துப் படிக்கட்டை நனைத்தது. டீச்சர் தாமதிக்கவில்லை. மணியை அடிக்கச் சொன்னார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மேட்டுத் தெரு மண்டபத்துக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டார். ஒரு பிள்ளைக்குக்கூடக் கால் வழுக்கவில்லை. மண்டபத்தில் எண்ணிப் பார்த்து, எல்லாரும் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ‘இனிமேல் கவலையில்லை, பெற்றோர்கள் வந்துவிடுவார்கள்’ என்று நிம்மதியாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

பெற்றோர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். மணிச் சத்தம் கேட்டதும் யாரும் பதறவில்லை. பதற்றம் கையிருப்பு இல்லை. குடையை எடுத்துக்கொண்டு தெருவில் கூடினார்கள். சிக்கல் நடையில் வந்தது.

“தலைவரே, நீங்க ஓடுறீங்க” என்றாள் குஞ்சம்மாள்.

“நான் நடக்கிறேம்மா.”

“அப்ப நான் எப்படிப் பின்னால இருக்கேன்? நானும் நடக்கத்தானே செய்யிறேன்?”

அம்பலவாணன் நின்று யோசித்தார். அவள் கேட்டது நியாயமாகப்பட்டது. எல்லாரும் நடக்கும்போது ஒருவர் முன்னால் போனால் அவர் ஓடுகிறார் என்றுதான் அர்த்தம் என முடிவாயிற்று. ஊரிலேயே மெதுவாக நடப்பவர் முழங்கால் வலிக்காரர் சோலையப்பன். பேரனைக் கூப்பிட அவரும் புறப்பட்டிருந்தார். அவரை முன்னால் விட்டு, மற்றவர்கள் பின்னால் வரிசையாகப் போனார்கள். சோலையப்பன் மூச்சு வாங்க நின்றபோதெல்லாம் ஊரும் நின்றது. மாசிலாமணிக்கு மட்டும் உள்ளுக்குள் துடித்தது. மகள் அங்கே தனியாக இருப்பாள், பசிக்கும், குளிரும். ஆனால் ஓடக் கூடாது என்று அவன் கட்டிய ஒலிபெருக்கியிலேயே டீச்சர் சொல்லியிருந்தாரே. பல்லைக் கடித்துக்கொண்டு சோலையப்பன் வேகத்தில் நடந்தான்.

ஒருவழியாக மண்டபத்து வாசலுக்கு வந்தவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். யாரும் படியேறவில்லை. மழை கொட்டுகிறது, குடை வழிகிறது, நிற்கிறார்கள்.

டீச்சர் வெளியே வந்து, “ஏங்க, உள்ள வாங்களேன்!” என்றார்.

அம்பலவாணன் தொண்டையைச் செருமினார். “வரலாம் டீச்சர். ஆனா இது கல்யாண மண்டபம் பாருங்க. பத்திரிகை வச்சு அழைக்காத மண்டபத்துல நாங்க காலெடுத்து வைக்கிறதில்லை. எங்க அப்பா காலத்துல இருந்து அப்படி.”

“உங்க பிள்ளைங்க உள்ள இருக்காங்க ஐயா!”

“அவங்க சின்னப் பிள்ளைங்க, முறை தெரியாது. போயிட்டாங்க. நாங்க தெரிஞ்சவங்க.”

டீச்சர் உள்ளே போனார். மண்டபத்துக் காவலாளியிடம் கேட்டு, போன முகூர்த்தத்தில் மிஞ்சிய குங்குமச் சிமிழையும் பன்னீர்ச் செம்பையும் வாங்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். “எல்லாரும் அவசியம் வரணும்” என்று ஒவ்வொருவருக்கும் பன்னீர் தெளித்தார். நனைந்துபோய் நின்றவர்கள் தலையைக் குனிந்து பன்னீரை வாங்கிக்கொண்டார்கள். சோலையப்பன் மட்டும் அசையவில்லை.

“என்ன ஐயா?”

“வீட்டோட வரணும்னு நீங்க சொல்லல.”

“வீட்டோட வரணும் ஐயா.”

“அப்ப வீட்டுல அவளையும் கூட்டிட்டு வந்துடுறேன்” என்று அவர் திரும்பி நடக்கத் தொடங்கினார். அவர் நடையில் போய் வந்தால் மழைக்காலமே முடிந்துவிடும். குஞ்சம்மாள் அவர் கையைப் பிடித்து, வீட்டம்மா அப்புறம் தனியாக வந்து விசாரித்துக்கொள்வார் என்று சமாதானம் சொல்லி உள்ளே இழுத்துப் போனாள்.

உள்ளே பிள்ளைகள் ஒரு பக்கம், பெற்றோர் ஒரு பக்கம். “சரி, அவங்கவங்க சொல்லைச் சொல்லிப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க” என்றார் டீச்சர். யாரும் வாய் திறக்கவில்லை.

“எப்படிங்க சொல்றது?” என்றாள் குஞ்சம்மாள். “சொன்னா எல்லாருக்கும் கேட்டுடும். ரெண்டு பேருக்குத்தான் தெரியணும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அப்ப மத்தவங்க காதைப் பொத்திக்கலாம்” என்றார் அம்பலவாணன்.

எல்லாரும் காதைப் பொத்தினார்கள். பிள்ளைகளும் பொத்தினார்கள். குஞ்சம்மாள் தன் சொல்லைச் சொன்னாள். ஒருவர் காதிலும் விழவில்லை, அவளுடைய இரட்டையர் காதிலும். அவர்கள் காதைப் பொத்தியபடி அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அவள் மறுபடி சொன்னாள். காதைப் பொத்தியிருந்ததால் அவளுக்கே அவள் சொன்னது சரியாகக் கேட்கவில்லை.

கடைசியில் டீச்சர்தான் வழி கண்டுபிடித்தார். மணப்பெண் அறைக்குள் ஒவ்வொருவராகப் பிள்ளையோடு போய், கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிவிட்டு வரச் சொன்னார். அதன்பிறகு காரியம் நடந்தது. உள்ளே போனவர்கள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். அப்பாவைப் பார்த்த பிள்ளைகள் குதித்தன. அம்மாக்கள் ஈரத் தலையை முந்தானையால் துவட்டினார்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூட்டம் மெல்லக் கரைந்தது.

மாசிலாமணி மட்டும் ஒவ்வொருவருக்காக வழிவிட்டு வழிவிட்டுப் பின்னாலேயே நின்றான். அவன் முகம் வெளுத்திருந்தது. அம்பலவாணன் அவன் தோளைத் தொட்டார்.

“என்னடா, போகல?”

“அந்தச் சொல்லு மறந்து போச்சுண்ணே” என்றான் மாசிலாமணி. அவன் கண் கலங்கிவிட்டது. “சோலையப்பண்ணன் பின்னால நடந்து வர்றப்ப வழியெல்லாம் மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டே வந்தேன். டீச்சர் மூஞ்சியில பன்னீர் தெளிச்சாங்க பாருங்க, அதோட போச்சு.”

பொற்கொடி பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. எழுந்து ஓடிவர ஓர் அடி வைத்தவள், நினைவு வந்தவளாகச் சட்டென்று நின்றாள். வழக்கமாக ‘வாப்பா போப்பா’ என்று பேசுகிறவள், அன்று வெளியாளிடம் பேசுகிற மாதிரி மரியாதையாகக் கேட்டாள்.

“நீங்க யாருங்க?”

“உங்கப்பாடா கண்ணு.”

“அது சொல்லு இல்லீங்க.”

மாசிலாமணி வாயில் வந்ததையெல்லாம் சொன்னான். “அவல் பாயசம்?” பொற்கொடி தலையாட்டினாள், இல்லை. “ஆம்ப்ளிஃபயர்? ஒட்டடைக்குச்சி? மைக் டெஸ்டிங்?” இல்லை, இல்லை, இல்லை. “எந்த எழுத்துல ஆரம்பிக்கும்னாவது சொல்லும்மா” என்று கெஞ்சினான். “அதைச் சொன்னா பாதி சொன்ன மாதிரி ஆயிடுங்க” என்றாள் பொற்கொடி. அவளுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “எங்கப்பா மாதிரியேதான் இருக்கீங்க. எனக்கும் வீட்டுக்குப் போகணும் போலத்தான் இருக்கு. ஆனா நீங்க சொல்லைச் சொல்ல மாட்டேங்கறீங்களே.”

டீச்சர் குறுக்கே வந்தார். “பொற்கொடி, இவர் உங்கப்பாதான்மா. எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்ச முகமா இருந்தாலும் போகக் கூடாதுன்னு நீங்கதான் டீச்சர் சொன்னீங்க.”

டீச்சர் வேறு விதமாக முயன்றார். “சரி, அவர் உன்னைப் பத்தி வேற ஏதாவது சொல்லட்டும். அப்பாவுக்கு மட்டும் தெரிஞ்சது.”

மாசிலாமணிக்கு உயிர் வந்தது. “முதுகுல மச்சம் இருக்கு. பல்லு விழுந்தப்ப அதைக் கூரையில போட மாட்டேன்னு தலைகாணிக்குள்ள ஒளிச்சு வச்சா. பூனைன்னா பயம், ஆனா வெளிய சொல்ல மாட்டா.”

பொற்கொடி யோசித்துப் பார்த்தாள். “இதெல்லாம் எங்கப்பா எல்லார்கிட்டயும் சொல்லுவாருங்க. மைக்குலகூடச் சொல்லியிருக்காரு. நீங்க கேட்டுத் தெரிஞ்சிருப்பீங்க.”

“ஆமாங்க டீச்சர்” என்றான் மாசிலாமணி நேர்மையாக. “சொல்லியிருக்கேன்.”

அம்பலவாணன் சாட்சி சொல்ல வந்தார். இவன் மாசிலாமணிதான், சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும் என்றார். “உங்க பேரனுக்கு நீங்க சொன்ன சொல்லு சரி தாத்தா, அதுக்கு அவன் போகலாம்” என்றாள் பொற்கொடி. “எனக்கு நீங்க ஒண்ணும் சொல்லலையே.” அம்பலவாணன், பெண் சொல்வது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு, பேரனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மண்டபம் காலியாயிற்று. டீச்சரும் இவர்கள் இரண்டு பேரும் காவலாளியும்தான் மிச்சம். எல்லாப் பிள்ளைகளையும் ஒப்படைத்துவிட்டு, கடைசிப் பிள்ளையோடு மாட்டிக்கொண்டோமே என்று டீச்சருக்கு ஆற்றாமையாக இருந்தது. அந்தப் பெண்ணை வற்புறுத்தவும் மனம் வரவில்லை. தான் சொல்லிக் கொடுத்ததை ஊரிலேயே ஒழுங்காகக் கடைப்பிடித்த பிள்ளை அவள்தான். கோபப்பட முடியுமா? ஆனால் இருட்டுவதற்குள் அவளை வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும். டீச்சர் அங்குமிங்கும் நடந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் பளிச்சென்றது.

“பொற்கொடி, இங்க வா. உனக்குச் சொல் தெரியும்ல?”

“தெரியும் டீச்சர்.”

“இவருக்குத் தெரியல. அப்படின்னா கூட்டிட்டுப் போக வேண்டியது நீதான். இவர் உன்னைக் கூட்டிட்டுப் போக வேண்டாம். நீ இவரைக் கூட்டிட்டுப் போ. அந்தச் சொல்லை இவர் காதுல சொல்லு, கையைப் பிடிச்சுக்கோ, வீட்டுக்குப் போங்க. என்ன?”

பொற்கொடி எல்லாப் பக்கமும் யோசித்தாள். இதில் ஒரு விதிமீறலும் இல்லை. ரகசியம் அவளும் அப்பாவும் தவிர வேறு யாருக்கும் போகாது. சொல்லைச் சொல்கிறவர் கூட்டிப் போகிறார். எல்லாம் டீச்சர் சொன்னபடிதான். அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

டீச்சரும் காவலாளியும் கௌரவமாகத் திரும்பி நின்று காதைப் பொத்திக்கொண்டார்கள். மாசிலாமணி குனிந்தான். பொற்கொடி இரண்டு கையையும் குவித்து அவன் காதில் வைத்து, அந்தச் சொல்லைச் சொன்னாள். பிறகு அவன் விரலைப் பிடித்து இழுத்தாள்.

“வாங்க போலாம்.”

மாசிலாமணி அசையவில்லை. நெற்றியைச் சுருக்கி, ரொம்ப நேரம் யோசித்தான். அவன் இத்தனை ஆழமாக யோசித்து டீச்சர் பார்த்ததில்லை.

“என்னங்க?” என்றார் டீச்சர்.

“நல்ல சொல்லாத்தான் இருக்கு டீச்சர்” என்றான் மாசிலாமணி. “ஆனா எங்க சொல்லு இதுதானான்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தான் மறந்து போச்சே. பாப்பாவும் என் பொண்ணு மாதிரியேதான் இருக்கு. அதுக்காக யாரோ ஒரு சொல்லைச் சொன்னதும் பின்னாலயே போயிட முடியுமா?”

பொற்கொடி அவனை அண்ணாந்து பார்த்தாள். முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு மெல்ல மெல்ல அவள் முகத்தில் ஒரு மதிப்பு வந்தது.

“சரியாச் சொன்னீங்க” என்றாள். “அப்படித்தான் இருக்கணும்.”

டீச்சர் அப்படியே மணமேடையில் உட்கார்ந்துவிட்டார். மாசிலாமணி தன் துண்டைப் பிழிந்து பொற்கொடியின் தலையைத் துவட்டிவிட்டான். பொற்கொடி பையைத் திறந்து பிஸ்கட்டை எடுத்து அவனுக்குப் பாதி கொடுத்தாள். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில், ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு, தங்கள் வீட்டு ஆள் யாராவது கூப்பிட வருவார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.